உயரம் கூட்டாத ஹைலக்ஸுக்குச் சற்றே பெரிய டயர்: அளந்து தேர்ந்து பொருத்தும் முறை

டொயோட்டாவின் பிக்கப் வண்டியான ஹைலக்ஸ் 2022-இல் இந்தியச் சந்தைக்கு வந்ததிலிருந்து, அதை வாங்கியவர்கள் முதல் ஜோடி டயர் தேய்வதற்கு முன்பே கேட்கத் தொடங்கும் கேள்வி ஒன்று உண்டு: சஸ்பென்ஷனில் கை வைக்காமல், பாடியை வெட்டாமல், எந்த அளவு டயர் வரை போகலாம்? நேரான பதில், 17 அங்குல ரிம் உள்ள வண்டிக்கு 265/70 ஆர்17, 18 அங்குல ரிம் உள்ள வண்டிக்கு 265/65 ஆர்18 என்பதுதான். இரண்டுமே அகலத்தை மாற்றாமல் உயரத்தை மட்டும் ஒரு படி கூட்டுபவை. இதற்கு மேல் போனால் சஸ்பென்ஷனை உயர்த்துவதும் லைனரை, அதாவது சக்கரக் குழிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையை, வெட்டுவதும் தேவைப்படும். அது வேறு வேலை, வேறு செலவு, சட்டப்படியும் வேறு சிக்கல். ஆகவே இக்கட்டுரை அந்த ஒரு படிக்குள்ளேயே நிற்கிறது.

முதலில் கணக்கு

டயரின் பக்கவாட்டில் உள்ள 265/65 ஆர்17 என்ற எழுத்தில் முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 265-இல் 65 சதவீதம் 172.25 மி.மீ.; மேலும் கீழும் சேர்த்து 344.5, 17 அங்குல ரிம் 431.8 மி.மீ.; ஆக மொத்த விட்டம் 776.3 மி.மீ. இதே கணக்கை 265/70 ஆர்17-க்குப் போட்டால் 802.8 மி.மீ. வருகிறது. வித்தியாசம் 26.5 மி.மீ., அதாவது 3.4 சதவீதம். 18 அங்குல வண்டியில் கம்பெனி டயரான 265/60 ஆர்18 775.2 மி.மீ.; 265/65 ஆர்18 801.7 மி.மீ. இரு ரிம்களும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் தொடங்கி ஒரே உயரத்தில் முடிவதால், கீழே சொல்லப்படுபவை இரண்டுக்கும் பொருந்தும்.

விட்டம் 26.5 மி.மீ. கூடினாலும் வண்டி தரையிலிருந்து உயர்வது அதில் பாதிதான், 13 மி.மீ. சொச்சம். ஒரு அங்குலம் கூடுதல் டயர் போட்டால் கிரவுண்ட் கிளியரன்ஸ் ஒரு அங்குலம் கூடும் என்று கடையில் யாராவது சொன்னால் அந்தக் கணக்கில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். இந்த மாற்றத்தின் உண்மையான பயன் உயரத்தைவிடப் பக்கச்சுவரில் இருக்கிறது: ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே 13 மி.மீ. கூடுதல் ரப்பர் நிற்கிறது, காற்றைக் குறைத்து மணலில் ஓட்டும்போது டயர் மடங்கிப் படர இடம் கிடைக்கிறது.

275/65 ஆர்17 என்று ஒரு மாற்று உண்டு. அதன் விட்டம் 789.3 மி.மீ.தான், ஆனால் அகலம் 10 மி.மீ. கூடுகிறது. உயரத்தில் சிக்கனம், அகலத்தில் தாராளம் என்ற இந்தக் கலவையை நான் பரிந்துரைக்க மாட்டேன்; ஏனெனில் முன்பக்க உரசலை உண்டாக்குவதில் டயரின் தோளின், அதாவது தரையைத் தொடும் பரப்பு பக்கச்சுவரைச் சந்திக்கும் ஓரத்தின், அகலத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 285/70 ஆர்17 என்பது 830.8 மி.மீ.; படத்தில் அழகாக இருக்கும், உயர்த்தாத வண்டியில் திருப்பம் எடுக்க விடாது. இதே வகைப் பிக்கப்பான இசூசு வி-கிராஸ் வைத்திருப்பவர்கள் இதே கணக்கைத் தங்கள் 255/60 ஆர்18-க்குப் போட்டுப் பார்க்கலாம். அங்கே 265/60 ஆர்18 என்பது விட்டத்தில் 1.6 சதவீதமே கூட்டும் அடக்கமான மாற்றம்.

எழுதியிருக்கும் அளவும் நிஜ அளவும் எப்போதும் ஒன்றல்ல. ஒரே 265/70 ஆர்17 வெவ்வேறு கம்பெனிகளில் சில மில்லிமீட்டர் முன்பின் இருக்கும். ரிம்மின் அகலம் அரை அங்குலம் மாறினால் டயரின் அகலம் சுமார் 5 மி.மீ. மாறும். சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர்களின் தோள் சதுரமாக, பட்டன்கள் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டிகள்) ஓரம் வரை நீண்டு இருப்பதால், அதே அளவுள்ள நெடுஞ்சாலை டயர் தொடாத இடத்தை அது தொடும். கடையில் ரிம்மில் ஏற்றி வைத்த டயர் ஒன்று இருந்தால், அதன் அகலத்தையும் உயரத்தையும் டேப் வைத்து அளந்து பார்ப்பதில் யாருக்கும் நட்டமில்லை.

பக்கச்சுவரில் படிக்க வேண்டியவை

அளவுக்கு அடுத்து வரும் எண்ணும் எழுத்தும் சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் ஆகும். 110 என்றால் ஒரு டயருக்கு 1,060 கிலோ, 112 என்றால் 1,120 கிலோ, 115 என்றால் 1,215 கிலோ. எழுத்தில் க்யூ என்பது மணிக்கு 160 கி.மீ., ஆர் என்பது 170, எஸ் 180, டி 190. புதிய டயரின் சுமைக் குறியீடு பழையதைவிட ஒருபோதும் குறையக் கூடாது. இது பேரம் பேசும் விஷயமல்ல. வேகக் குறியீடும் கையேட்டில் சொல்லியிருப்பதற்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது நல்லது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து டயரும் ஒரே காலத்தவையாக இருந்தால் நல்லது.

இங்கே சற்று நின்று பேச வேண்டியது எல்.டி. டயர்களைப் பற்றி. அளவுக்கு முன்னால் எல்.டி. என்று போட்டிருந்தால் அது லைட் டிரக், அதாவது சிறு லாரி வகைக் கட்டமைப்பு. பக்கச்சுவர் தடிமனானது, கல்லும் வேரும் கிழிப்பதைத் தாங்கக்கூடியது. எல்.டி.265/70 ஆர்17 டயரில் 121/118 என்று பார்த்து, 1,450 கிலோ தாங்கும் என்று மகிழ்ந்துவிடக் கூடாது. அந்தச் சுமையை அது 80 பி.எஸ்.ஐ. காற்றில்தான் தாங்குகிறது. கதவோரம் ஒட்டியுள்ள காற்றளவில் ஓட்டினால், எல்.டி. டயர் சாதாரண டயரைவிடக் குறைந்த சுமையையே தாங்கும். ஆகவே அதற்குக் காற்றைக் கட்டாயம் கூட்ட வேண்டும், கூட்டினால் காலி வண்டியில் முதுகு குலுங்கும். சக்கரத்துக்குச் சில கிலோ எடையும் ஏறும்; அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே சேர்வதால் பிரேக், ஸ்டியரிங், டீசல் மூன்றும் அதை உணரும். வாரக் கடைசியில் மண்சாலைக்கும் மற்ற நாட்களில் நான்குவழிச் சாலைக்கும் போகும் வண்டிக்குச் சாதாரணக் கட்டமைப்பிலான ஆல் டெரெய்ன் போதும் என்பது என் கருத்து. கல்குவாரிக்கும் எஸ்டேட்டுக்கும் தினமும் சுமையோடு போகிறவர்களுக்கு எல்.டி. தேவைதான்.

ரிம்மை மாற்றாதீர்கள். ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் (சக்கரம் மாட்டும் அச்சு முனை) பதியும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பது. அந்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளும். வெளியே தள்ளிய சக்கரம் திரும்பும்போது பெரிய வட்டம் போடும், பம்பரின் மூலையையும் லைனரின் பின்பகுதியையும் தேடிப்போய் உரசும். கம்பெனி ரிம்மில் சிக்கலின்றி ஓடும் டயர், கடையில் வாங்கிய ரிம்மில் உரசுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுவே.

வாங்குவதற்கு முன் இடைவெளியை அளப்பது

இணையத்தில் யாரோ ஒருவருக்குப் பொருந்தியது என்பதை நம்பி ஐந்து டயருக்குப் பணம் கட்டுவதைவிட, பழைய டயர் இருக்கும்போதே அளந்துவிடுவது புத்திசாலித்தனம். புதிய டயரின் ஆரம் 13 மி.மீ. கூடுதல், ஆகவே இப்போதைய இடைவெளியில் 13-ஐக் கழித்தால் மீதி என்ன என்பது தெரிந்துவிடும். புதிய பட்டன்களின் உயரத்தையும் மறக்காதீர்கள்: தேய்ந்த டயரில் அளந்தால், தேய்ந்துபோன மில்லிமீட்டர்களையும் சேர்த்துக் கழிக்க வேண்டும்.

பார்க்க வேண்டிய இடங்கள் முன்பக்கத்தில்தான் உள்ளன. ஒன்று, முன் வீல் ஆர்ச்சின் பின்பகுதி. அங்கே பிளாஸ்டிக் லைனரும் அதற்குப் பின்னால் கேபினின் தகடும் இருக்கின்றன, கீழே மட்ஃப்ளாப் தொங்குகிறது. இரண்டு, ஆர்ச்சின் முன்பகுதி. அங்கே பம்பரின் உள்மூலை. மூன்று, டயரின் உட்பக்கத் தோளுக்கும் மேல் கன்ட்ரோல் ஆர்முக்கும் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கை) நடுவே உள்ள இடம். அகலம் மாறாததால் மூன்றாவது இடம் 265-க்குப் பொதுவாகத் தொந்தரவு தராது, ஆனாலும் ஒரு முறை விரல் விட்டுப் பார்க்கலாம்.

வண்டி சமதரையில் நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்து முடிவு செய்வது பாதி சோதனைதான். சஸ்பென்ஷன் அமுங்கியும் ஸ்டியரிங் முழுதாகத் திரும்பியும் இருக்கும் நிலையே உண்மையான சோதனை. உறுதியான சரிவுக்கட்டை அல்லது மண்மேட்டில் ஒரு முன்சக்கரத்தையும், அதற்குக் குறுக்கே எதிர்ப்புறமுள்ள பின்சக்கரத்தையும் ஏற்றி நிறுத்தினால், மேலேறிய முன்சக்கரம் ஆர்ச்சுக்குள் நன்றாகப் புகுந்துகொள்ளும். ஹேண்ட் பிரேக் போட்டு, தரையில் உள்ள சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஸ்டியரிங்கைத் திருப்ப ஒருவரை உள்ளே உட்கார வையுங்கள். திரும்பும்போது கையை உள்ளே விடாதீர்கள். ஸ்டியரிங் நின்ற பிறகு, அவர் கையை எடுத்துவிட்டார் என்று உறுதி செய்துகொண்டு அளக்கவும்.

டேப் நுழையாத இடத்துக்கு ஒரு எளிய வழி, சப்பாத்தி மாவு. கெட்டியாகப் பிசைந்து, எலுமிச்சை அளவு உருண்டைகளாக்கி, லைனரின் பின்பகுதியில் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்திலும், பம்பரின் உள்மூலையில் ஓரிடத்திலும் அழுத்தி ஒட்டுங்கள். டயர் படும் பக்கத்தில் கொஞ்சம் எண்ணெய் தடவினால் மாவு பட்டனோடு ஒட்டிக்கொண்டு வராது. ஸ்டியரிங்கை மெதுவாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திருப்பச் சொல்லுங்கள். பிறகு உருண்டையைப் பிளேடால் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தின் தடிமனை அளவுகோலால் பாருங்கள். டயரே படாத உருண்டை அதன் முழுத் தடிமனில் நிற்கும். பட்ட உருண்டை எஞ்சிய இடைவெளியை மில்லிமீட்டர் கணக்கில் சொல்லிவிடும். அந்த எண்ணில் 13-ஐக் கழித்த பிறகு 10-க்கு மேல் மீதி இருந்தால் நிம்மதி. 0 முதல் 10 வரை என்றால், சேறு ஒட்டிய டயரில் உரசல் கேட்கும். கழித்து எதிரெண் வந்தால், எங்கே வந்தது என்பதைப் பொறுத்து முடிவு எடுங்கள்: மட்ஃப்ளாப் என்றால் கழற்றிச் சற்றுப் பின்தள்ளி மாட்டலாம், லைனரின் தளர்ந்த பகுதி என்றால் கிளிப்பைச் சரியாக உட்கார வைத்தாலே சில மில்லிமீட்டர் கிடைக்கும். தகடு என்றால் அந்த டயரை மறந்துவிடுங்கள்.

பின்பக்கத்தில் பிளேட் ஸ்பிரிங் அமுங்கினாலும் ஆர்ச்சில் இடம் தாராளம். நீங்கள் வழக்கமாக ஏற்றும் அதிகபட்சச் சுமையோடு ஒரு முறை பார்த்தால் போதும்.

பலர் கடைசி வரை மறப்பது ஸ்டெப்னியை. அது பின்பக்கச் சரக்குத் தொட்டியின் அடியில் சங்கிலியில் தொங்குகிறது, 803 மி.மீ. டயர் அங்கே ஏறி, முழுதாக இறுகி, எதையும் இடிக்காமல் நிற்குமா என்று சுற்றிலும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். பழைய ஸ்டெப்னியையே வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. ஹைலக்ஸின் நாலு சக்கர இழுவையில் முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் சென்டர் டிஃபரென்ஷியல் கிடையாது. 4எச் (நாலு சக்கர இழுவை) போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்படுகின்றன. ஒரு சக்கரம் மட்டும் 3.4 சதவீதம் சிறியதாக இருந்தால் அந்த வித்தியாசம் போக வழியின்றி இரு அச்சுகளுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஷாஃப்டுகளிலும் முறுக்காக ஏறும். ஏ.பி.எஸ்., ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இரண்டும் சக்கரங்களின் வேகத்தை ஒன்றோடொன்று ஒப்பிட்டே முடிவெடுப்பதால் அவையும் குழம்பும். ஆகவே வாங்கினால் ஐந்து. வேறு வழியில்லாமல் பழைய ஸ்டெப்னியைப் போட நேர்ந்தால் 2எச்-இல் (பின்சக்கர இழுவையில்) மட்டும், மெதுவாக, அடுத்த பங்க்சர் கடை வரை.

பொருத்தும்போது

டயரை ரிம்மில் ஏற்றுவது கடைக்காரரின் வேலை. உங்கள் வேலை அருகில் நின்று சிலவற்றைக் கேட்டு வாங்குவது. வால்வு புதிதாகப் போடச் சொல்லுங்கள். சுழற்சி அம்புக்குறி இருந்தால் திசை பாருங்கள். ஐந்து சக்கரத்துக்கும் பேலன்சிங் செய்யுங்கள், ஸ்டெப்னியும் ஒரு நாள் ஓடப்போவதுதான். ஹப்பின் முகத்திலும் ரிம்மின் உள்முகத்திலும் உள்ள துருவையும் மண்ணையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். நடுவில் ஒரு மண் துணுக்கு இருந்தாலும் சக்கரம் நேராக உட்காராது, பிறகு எவ்வளவு பேலன்சிங் செய்தாலும் ஸ்டியரிங் ஆடும்.

ஆறு நட்டுகளையும் முதலில் கையால் முழுதாக ஏற்றி, ஒன்றுக்கு எதிரே மற்றொன்று என்ற வரிசையில் மிதமாக இறுக்கி, ஜாக்கியை இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பதை உங்கள் வண்டியின் கையேட்டில் பாருங்கள். இரும்பு ரிம்முக்கும் அலாய் ரிம்முக்கும் அளவு வேறு. காற்றுத் துப்பாக்கியால் சரசரவென்று இறுக்கிவிட்டு அடுத்த வண்டிக்குப் போகும் பழக்கம் பல கடைகளில் உண்டு. அதில் போல்ட்டின் மரை நீளும், சாலையோரம் பங்க்சர் ஆகும்போது வண்டியோடு வந்த பானாவால் நட்டைக் கழற்ற முடியாது. 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி ஒரு முறை டார்க் பார்ப்பது கட்டாயம். அலைன்மென்ட் செய்து, அச்சடித்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றுக்கு, சாதாரணக் கட்டமைப்பு டயரானால் டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியுள்ள அளவிலிருந்தே தொடங்கலாம். சரியாக இருக்கிறதா என்று அறிய இரண்டு வழிகள் உண்டு. பட்டன்கள் மீது குறுக்கே தடிமனாகச் சாக்பீஸ் கோடு போட்டு நேரான தார்ச்சாலையில் சற்றுத் தூரம் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், இரு ஓரமும் மட்டும் அழிந்தால் குறைவு. மற்றொன்று, காலையில் குளிர்ந்த டயரில் அளவு பார்த்து, ஒரு மணி நேர நெடுஞ்சாலை ஓட்டத்துக்குப் பின் மறுபடி பார்ப்பது. 4 பி.எஸ்.ஐ. அளவுக்கு ஏறியிருந்தால் சரி, எல்.டி. டயருக்கு 6 வரை. அதற்கு மேல் ஏறியிருந்தால் டயர் அதிகம் மடங்கிச் சூடாகிறது என்று பொருள். அப்போது காற்றை இறக்காமல், மறுநாள் காலைக் குளிர்ந்த அளவைக் கூட்ட வேண்டும்.

ஓட்டத் தொடங்கிய பின்

ஸ்பீடோமீட்டர் இனி உண்மையைவிடக் குறைவாகக் காட்டுமா? கணக்குப்படி ஒவ்வொரு வேகமும் 3.4 சதவீதம் கூடுகிறது. ஆனால் பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதி எண் 39-இன்படி ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பதால், கம்பெனிகள் அதைச் சற்று மிகைப்படுத்திக் காட்டும்படியே அமைக்கின்றன. முள் 100 காட்டும்போது பழைய டயரில் நிஜ வேகம் 96 என்றால், புதிய டயரில் அது 99.3. அதாவது கையிருப்பில் இருந்த மிகையைப் புதிய டயர் தின்றுவிடுகிறது. உங்கள் வண்டியில் அந்தக் கையிருப்பு எவ்வளவு என்பதைப் பழைய டயர் இருக்கும்போதே கைப்பேசியின் ஜி.பி.எஸ். வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கும் மேல் பெரிய டயரைத் தவிர்க்க இதுவும் ஒரு காரணம்.

மைலேஜ் விழுந்துவிட்டது என்ற புலம்பலில் ஒரு பகுதி கணக்குப் பிழை. ஓடோமீட்டர் இப்போது குறைத்து எண்ணுகிறது. அது காட்டும் தூரத்தை 1.034-ஆல் பெருக்கிய பிறகே லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்று வகுக்க வேண்டும். பெருக்கிய பிறகும் குறைந்திருந்தால் அது டயரின் எடைக்கும் பட்டனின் முரட்டுத்தனத்துக்கும் நீங்கள் கொடுக்கும் விலை.

முதல் சில நாட்களில் லைனரை டார்ச் அடித்துப் பாருங்கள். உரசிய இடம் தூசி துடைபட்டுக் கருப்பாகப் பளபளக்கும். குறுகிய கொண்டை ஊசி வளைவில் முழுத் திருப்பமும் சஸ்பென்ஷன் அமுக்கமும் ஒன்றாக வருவதால் மலைப்பாதை நல்ல சோதனைக்களம். ஆனால் உரசலை முதன்முதலாகக் கொல்லிமலையின் 70 வளைவுகளில் போய்க் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, வீட்டுக்கு அருகில் ஒரு வேகத்தடையும் காலி மைதானமும் போதும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் கம்பெனியின் மூல விவரக்குறிப்பிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாகவே வாசித்தது. டயர் அளவு உங்கள் பதிவுச் சான்றில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கையேட்டில் இல்லாத அளவைப் போடுபவர் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்துப் பதில் பெறுவதும், வாரண்டி குறித்து டீலரிடம் மின்னஞ்சலில் கேட்டு வைப்பதும் நல்லது. வாய்வார்த்தையாக வரும் "ஒண்ணும் ஆகாது சார்" என்ற உறுதி, கிளெய்ம் நாளில் கூட வராது.

டயர்களை இடம் மாற்றும்போது ஸ்டெப்னியையும் சுற்றில் சேர்த்து ஐந்தையும் மாற்றினால்தான் எல்லாம் ஒன்றுபோல் தேயும். சர்வீஸ் அட்டவணையையும் புதிய கணக்கில் பாருங்கள்: ஓடோமீட்டர் சுமார் 9,670 காட்டும்போதே வண்டி 10,000 கி.மீ. ஓடி முடித்திருக்கும்.